நான் டனுட்டாவைப் பேசவில்லை

அனுப்புநர்:
திருமதி மங்களேஸ்வரி யோகராசா,
ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ.

பெறுநர்:
கூட்டக் குறிப்புகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
பிரதேச நிர்வாக அலுவலகம், ஒஸ்லோ.

பொருள்: ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய பொதுக்கூட்டத்தில் நான் கூறியதைத் தலைகீழாகப் பதிந்த குறிப்பைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் லில்லெஸ்ட்ரோமில் ஹோட்டல் படுக்கைவிரிப்புகள் தோய்க்கும் சலவைக்கூடம் ஒன்றில் வேலை செய்பவள். அங்கு தொழிற்சங்கப் பிரதிநிதியும் நானே. இம்மனுவை நோர்வேஜிய மொழிக்கு மாற்றுபவர் தயவுசெய்து யாழ்ப்பாணத் தமிழ் தெரிந்தவராக இருக்கட்டும். ஏனென்பது கீழே விளங்கும்.

2. சென்ற மாதக் கூட்டத்தில் நான் ஒன்றியத்துக்கு எதிராகவே கதைத்தேன். இன்றும் எதிர்க்கிறேன். நோர்வே மக்கள் இரண்டு தடவை வாக்களித்து, அதில் சேர வேண்டாம் என்றார்கள். முன்வாசலைப் பூட்டியாயிற்று, ஆனால் பொருளாதார ஒப்பந்தம் என்ற பின்வாசலால், பிரசெல்ஸில் ஒன்றியம் எழுதும் சட்டங்கள் எங்கள் வேலைத்தளம்வரை வருகின்றன. அவற்றை எழுதியவர்களை வாக்களித்து வீட்டுக்கு அனுப்ப எமக்கு வழியில்லை. சென்ற வருடம் பிரெஞ்சுக்காரரும் ஒல்லாந்தரும் ஒன்றியத்தின் புதிய அரசியலமைப்பை வாக்களித்து நிராகரித்தார்கள். அதுவும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். அதைக் கொண்டுவர வேறு வழி தேடுகிறார்களாம்.

அதற்கு முந்திய வருடம் பத்து நாடுகளை ஒரே நாளில் சேர்த்தார்கள். பந்திக்குப் பத்து வீட்டாரை அழைத்தவர்கள் உலையில் அரிசி கூட்டிப் போடவில்லை. அப்படி வந்த போலந்துப் பெண்களை, ஆட்களை அனுப்பும் கொம்பனி ஒன்று எமது சம்பளத்தின் பாதிக்கு எங்கள் சலவைக்கூடத்தில் நிறுத்தியிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. வராதா?

3. அன்று நான் சொன்னது இதுதான்: “நான் போலந்துப் பிள்ளையளைப் பேசமாட்டன். அதுகளைக் கூட்டிவந்து அரைச் சம்பளத்திலை விட்டவையைத்தான் பேசுவன்.”

உங்கள் குறிப்பில் உள்ளது: “போலந்துக்காரருடன் உரையாட மாட்டேன்; அவர்களுடைய முதலாளிகளுடன் மட்டுமே உரையாடுவேன்.”

4. ஐயா, எங்கள் ஊரில் உரையாடுவதைக் ‘கதைத்தல்’ என்போம். ஒருவரைப் ‘பேசுதல்’ என்றால் ஏசுதல், திட்டுதல். உரைபெயர்ப்பாளராக வந்த தம்பி சென்னைக்காரர். அவர் ஊரில் பேசுவதென்றால் பேசுவதுதான். நல்ல பிள்ளை, அவரைத் தண்டிக்க வேண்டாம். ஆனால் உங்கள் அலுவலகத்துக்கு வந்து முறையிட்டபோது, உரைபெயர்ப்பாளர் கூறியதே பதிவு, மாற்ற இயலாது என்றார்கள். அப்படியானால் அந்தக் கூட்டத்தில் என் வாய் யாருடையது?

5. அக்குறிப்பை யாரோ அச்செடுத்து எங்கள் சாப்பாட்டு அறையில் ஒட்டிவிட்டார்கள். போலந்துப் பெண்களில் ஒருத்தி டனுட்டா. விரிப்பு மடிக்கும்போது ஒரு பக்கத்தை அவளும் மறுபக்கத்தை நானும் பிடிப்போம். அவளுக்கு நோர்வேஜியன் அரைகுறை, எனக்குப் போலந்து மொழி ஒரு சொல்லும் தெரியாது. கையாலும் சிரிப்பாலும் சமாளித்தோம். சம சம்பளம் கேட்பதற்காக, அவளும் மற்றப் பெண்களும் எங்கள் சங்கத்தில் சேர இருந்தார்கள். இப்போது மாட்டோம் என்கிறார்கள். டனுட்டா விரிப்பைப் பிடிக்கிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை, இரவில் நித்திரையும் இல்லை. நானும் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தவள். வந்தவர்களோடு கதையாதவள் என்ற பழி எனக்குத் தாங்காது.

6. ஆகவே குறிப்பைத் திருத்தித் தரும்படியும், திருத்தியதைப் போலந்து மொழியிலும் ஒரு பிரதி அனுப்பும்படியும் பணிவாகக் கேட்கிறேன். நான் வாயால் சொல்லி அவள் நம்பப் போவதில்லை. அரச முத்திரையோடு வந்ததை அவள் வாசித்துவிட்டாள். வருகிற திங்கட்கிழமை அப்பெண்கள் அதே கொம்பனியுடன், அதே அரைச் சம்பளத்துக்கு, மறுபடியும் ஒப்பமிடப் போகிறார்கள். அதற்கு முன் பிரதி வந்து சேர வேண்டும்.

ஒன்றியத்தை எதிர்ப்பவள் என்று என்னைப் பற்றி எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் எழுதுங்கள், நானே கையெழுத்திட்டுத் தருகிறேன். டனுட்டாவை எதிர்ப்பவள் என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள், ஐயா.

தங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
(ஒப்பம்) ம. யோகராசா

இடம்: ஒஸ்லோ
திகதி: 14.03.2006