நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், அக்கா

ஆனைக்குட்டம்
பங்குனி 8

அன்புள்ள கற்பகவல்லி அக்காவுக்கு,

செல்வலட்சுமி வணங்கி எழுதுவது. கோயம்புத்தூரில் நீங்களும் மகளும் மருமகனும் பேரனும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

உங்கள் போனுக்குப் பல தடவை அடித்துவிட்டேன். ஒரு தடவை உங்கள் வீட்டு அண்ணாச்சி எடுத்து, “அவ மக வீட்டுல இருக்கா, போன் இங்கன கெடக்கு, இனிமே அடிக்காத” என்று சொல்லி வைத்துவிட்டார். பேரனுக்குச் சட்டை தைத்து அனுப்பச் சொல்லி நீங்கள் எழுதிக் கொடுத்த முகவரி தையல் மெஷின் டிராயரில் இருந்தது. அதற்குத்தான் அனுப்புகிறேன்.

மாமியாருக்குக் கண் தேவலை. ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது. நம் எறிபந்து கிரவுண்டில் வலையைக் கழற்றிவிட்டார்கள், உங்கள் வீட்டு ஆட்கள்தான். நிலம் உங்களுடையது, கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது. ஆனால் இரண்டு வருஷம் சாயங்காலம் ஆனால் அங்கே ஓடிய கால், இப்போதும் ஐந்தரை மணிக்குத் தானாகவே வாசலுக்கு வருகிறது.

சுகர் மாத்திரை வாங்க வரிசையில் நின்றோமே, அந்த நாளை நினைத்துக்கொள்வேன். உங்கள் தெரு ஒரு வரிசை, எங்கள் தெரு ஒரு வரிசை. நர்ஸம்மா எல்லாரையும் ஓடியாடச் சொன்னதற்கு, பள்ளிக்கூடத்தில் ஆடியது என்று மறுநாளே நீங்கள் பந்தோடு வந்து நின்றீர்கள். உங்களை அம்மா என்றுதான் கூப்பிட்டேன். “அக்கான்னே கூப்பிடு செல்வி, ஒரே டீமுல அம்மா என்ன அம்மா” என்றீர்கள். முதல் மாதம் தண்ணீருக்கு எங்களுக்குத் தனி பாட்டில். அப்புறம் ஒரே குடம். பதினாலு பேரும் சேர்ந்து போய் நின்ற பிறகுதானே கண்மாய்க்கரைக்குத் தெருவிளக்கு வந்தது. நம் பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் எந்தத் தெருவில் யார் வீட்டில் வண்டி இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருந்தது. அதெல்லாம் போய்விட்டது, அக்கா. எங்கள் தெருவுக்குள்ளேயே இப்போது ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை.

நம் டீம் முருகேஸ்வரியை ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பிப் பத்து நாள் ஆகிறது. முகத்தில் ஒரு பக்கமும் இரண்டு கையும் வெந்துபோய்விட்டன. விரல்கள் ஒட்டிக்கொண்டு விரிய மாட்டேன் என்கின்றன. அவள் அம்மா பத்திரகாளிதான் ஊட்டிவிடுகிறாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை.

புண்ணை விடப் பேச்சுதான் அவளைத் தின்கிறது. பட்டாசுக் கம்பெனியில் எழுதிக் கொடுத்திருப்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அவள் அன்றைக்கு வேலைக்கே வரவில்லையாம். அங்கே வேலை பார்த்த அய்யம்மாளைப் பார்க்கத் திருட்டுத்தனமாக உள்ளே புகுந்து, மருந்துத் தட்டைத் தட்டிவிட்டாளாம். அதனால்தான் வெடித்ததாம். அய்யம்மாளையும் சேர்த்து மூன்று பேர் செத்ததற்கு இவள்தான் காரணமாம். ஊரும் அதை நம்பிவிட்டது. அய்யம்மாள் புருஷன் செல்லச்சாமி அவள் வாசலில் வந்து நின்று, “எம் பிள்ளைகளுக்கு நீயே பதில் சொல்லு” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் மேல் தப்பில்லை.

அவளை அனுப்பியது நான், அக்கா. மாமியாரைச் சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், சீசன் ஆர்டர் நிற்கிறது, மாற்று ஆள் இல்லாமல் லீவு போடாதே என்று போர்மேன் பாண்டிமுருகன் சொன்னதால், எனக்குப் பதிலாக ஒரு நாள் போ என்று அவளிடம் கெஞ்சினேன். வெடித்த அந்த ரூமில் அன்றைக்கு உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான்.

இனி எழுதுவதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள். விசாரணையில் நான் நடந்ததைச் சொன்னேன். ஆபீசர், “அவங்க வேலைக்குன்னு கேட்டுக்குள்ள போனத உங்க கண்ணால பாத்தீங்களா?” என்று கேட்டார். பார்க்கவில்லை என்றால் என் பேச்சை எடுக்க மாட்டார்களோ என்று பயந்து, பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே கம்பெனி வக்கீல் என் மாமியாரின் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினார். அந்த நேரத்தில் நான் சாத்தூரில் இருந்தது அதில் இருக்கிறது. ஒரு பொய் சொன்னவள் மீதியையும் பொய்தான் சொல்லியிருப்பாள் என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்கள். அவளைக் காப்பாற்றப் போய் நானே குழி வெட்டிவிட்டேன். வருகிற வியாழக்கிழமை கடைசி விசாரணை. அதற்குப் பிறகு அவள் மேல் கேஸ் எழுதுவார்களாம்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை அவளைக் கிணற்றுப் பக்கத்தில் இருந்து கூட்டி வந்தேன். பத்திரகாளிக்குக்கூடச் சொல்லவில்லை. இரண்டு நாளாக அவள் வீட்டு வாசலில்தான் படுத்திருக்கிறேன். “எதுக்கு என்னய கூட்டியாந்த?” என்று மட்டும் கேட்டாள்.

நேற்று வெட்கத்தை விட்டு நம் டீமில் மிச்சம் இருக்கிற ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போனேன். நான் பொய் சொன்னதையும் சொன்னேன். இரண்டு பேர் கதவைச் சாத்தினார்கள். உங்கள் தெருச் செல்லத்தாய் மதினி மட்டும் உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் கேட்டார்கள். பிறகு சேலையை உதறிக் கட்டிக்கொண்டு என்னோடு முருகேஸ்வரி வீட்டுக்கு வந்து, அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தார்கள். இன்றைக்கு நாலு பேர் வந்தார்கள். வியாழக்கிழமை எல்லாரும் வருகிறோம் என்கிறார்கள். “ஆனா எங்கள்ல யாரும் பாக்கலயே செல்வி, நின்னு என்ன செய்ய?” என்று செல்லத்தாய் மதினி கேட்டார்கள்.

பார்த்தது நீங்கள் ஒருத்திதான், அக்கா. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதபோது நீங்களே சொன்னீர்கள். காலையில் உங்கள் சோளக்காட்டுக்குப் போகும்போது கேட்டில் அவளைப் பார்த்தீர்கள். பாண்டிமுருகன், “வெரசா உள்ள வா புள்ள, ஆள் பத்தல” என்று அவளைக் கூப்பிட்டதைக் காதால் கேட்டீர்கள். மறுநாள் காலையில் உங்களைக் கோயம்புத்தூருக்குக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

கம்பெனி இருக்கிற இடம் அண்ணாச்சியுடையது, அதில் அவருக்குப் பங்கும் உண்டு என்பது எனக்குத் தெரியும். நீங்கள் வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அது யாரைப் போய்த் தொடும் என்பதும் தெரியும். அதற்கப்புறம் அந்த வீட்டில் உங்கள் நிலைமை என்ன ஆகும் என்று நினைத்து இரண்டு தடவை இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். மூன்றாவது தடவை எழுதுகிறேன். கூட்டியோ குறைத்தோ எதுவும் சொல்ல வேண்டாம். அந்தப் பாவத்தை நான் செய்து பார்த்துவிட்டேன். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி, தாலுகா ஆபீஸ். மகளிடம் சொல்லிவிட்டு வர முடியாவிட்டால் சொல்லாமலாவது வாருங்கள். தங்க என் வீடு இருக்கிறது. சின்ன வீடுதான்.

இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டியிருக்கிறேன். முருகேஸ்வரிக்காக வேண்டினேன். அய்யம்மாள் பிள்ளைகளுக்காக வேண்டினேன். நீங்கள் மஞ்சளும் பூவுமாக நெடுங்காலம் இருக்க வேண்டும் என்றும், அண்ணாச்சிக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்றும் அந்தத் தாயிடமே வேண்டிக்கொண்டேன். இத்தனையும் ஒன்றாக எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. ஆனாலும் வாருங்கள்.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கும்,
செல்வலட்சுமி