பாடாத பெட்டி

போடிநாயக்கனூர்
12-12-1984

அன்பு மாப்பிள்ளை சோலைமலைக்கு,

போடியிலிருந்து உன் மச்சான் காசிராஜன் எழுதுவது. நீயும் தங்கச்சியும் குழந்தையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். இங்கே மழை, பனி, சளி, நான் எல்லாம் குறைவில்லாமல் இருக்கிறோம்.

ஊரிலிருந்து வேறு யாராவது உனக்கு எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ராசிங்காபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. நம்முடைய ‘நீயே செய் ரேடியோ’ பெட்டி ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த உதிரிச் சாமான்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து முடித்துக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். பாடவில்லை. முனகக்கூட இல்லை. தலைமையாசிரியரோ பக்கத்து வகுப்பில் களிமண் எரிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து என்னிடம்தான் வருவார். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று உன் அக்காவின் அடுப்படி டிரான்சிஸ்டரைப் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதை மேசை விரிப்புக்கு அடியில் தள்ளித் திருகிவிட்டேன். திருச்சி நிலையம் கணீரென்று வந்தது. ஒரே கைதட்டல். எனக்கு மீசை துடித்தது.

அப்போது ஒரு பெண்பிள்ளை, “சார், இந்தக் கம்பி எதுக்கு?” என்று கேட்டது. பெருமையில் புத்தி மழுங்கி, “இது இல்லன்னா ரேடியோ ஊமை தாயி” என்று சொல்லி ஏரியல் கம்பியைப் பிடுங்கிக் காட்டினேன். நிலக்கடலையில் கம்பளிப்புழுவை ஒழிப்பது எப்படி என்று திருச்சி தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. பதறிப்போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். புழு ஒழிந்தபாடில்லை. தலைமையாசிரியர் குனிந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தார்.

இப்போது பஸ் ஸ்டாண்டு டீக்கடைச் சுடலை எனக்குக் ‘கம்பளிப்புழு அண்ணே’ என்று பெயர் வைத்திருக்கிறான். குரங்கணி ஜீப்புக்காரர்கள்கூட என் கடை வாசலில் நிறுத்தி, “அண்ணே, கம்பி வேணுமா, கம்பி இல்லாமயே பாடுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் மலையேறுகிறார்கள். ஊருக்கெல்லாம் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இது தேவைதான்.

நிற்க. இந்தக் கடிதத்துக்குக் காரியம் ஒன்றே ஒன்றுதான். தைப்பொங்கலுக்கு நீ குடும்பத்தோடு இங்கே வரவேண்டும். உன் அக்காவுக்காக வரவேண்டும். என்ன ஏது என்று சொல்ல எனக்கு இன்னும் ரெண்டு பக்கம் வேண்டியிருக்கிறது. என் சுபாவம் உனக்குத் தெரியும். நேராகப் போக வேண்டிய இடத்துக்கும் நாலு கடை ஏறி இறங்கித்தான் போவேன்.

ஊர்ச் செய்தி. மலைக்கு ஏறுகிற மெட்டு ரோட்டில் மண் சரிந்து பஸ்சு நின்றுபோனது. சுமைக்காரர்கள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நனைந்தபடி இறங்கி வருகிறார்கள். வருகிற ஏலக்காயும் சரியாகக் காயவில்லை, நிறம் இல்லை. ஏலத்தில் வியாபாரிகள் காயைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுத் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வெளியே போகிறார்கள். உன் பழைய கூட்டாளி திருப்பதி மட்டும் டி.வி. வாங்கியிருக்கிறான். நம் ஊர்வரைக்கும் அலை எட்டவில்லை, படம் வரவில்லை. ஆனாலும் வீட்டோடு உட்கார்ந்து, திரையில் புள்ளி புள்ளியாய்ப் பெய்கிற மழையைப் பார்க்கிறார்கள். வெளியே பெய்கிற மழை போதாதாம்.

நீ அனுப்பிய குழந்தை படம் வந்து சேர்ந்தது. உன் அக்கா அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். “எதுக்கு இந்தப் பிள்ளைக்குக் காப்பிக்கொட்டை நிறத்துல சட்டை போட்டுருக்கான்? பம்பாயில வேற துணியே கெடைக்கலையாக்கும்” என்று உன்னை ஏசினாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள். பிறகு வருவேன்.

இனி நம் கம்பெனி சமாச்சாரம். பம்பாய்ச் சந்தையில் எடைக்கு விற்கிற, ரேடியோவுக்குள் போடுகிற கலப்பு ரெசிஸ்டரை நீ சாக்கில் அனுப்பினால், தரம் பிரித்துப் பெட்டி போட்டு, ஏழைப் பிள்ளைகளும் வாங்குகிற விலைக்குக் கொடுக்கலாம் என்பதுதானே நம் யோசனை? யோசனையில் பழுதில்லை. தரம் பிரிக்க ஆள் எங்கே தேடுவது என்ற கவலையும் இல்லை. ஏலக்காய் பொறுக்குகிற பெண்கள் இருக்கிற ஊரில் அந்தப் பஞ்சம் ஏது? உன் அக்கா கூடவே காய் பொறுக்குகிற மருதாயியையும் மூக்கம்மாளையும் சாயங்காலம் நம் வீட்டுக்கு வரச் சொன்னேன். உன் அக்காவையும் சேர்த்து மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு சொளகில் கொட்டிப் புடைக்கிற மாதிரி பரப்பிக் கொடுத்தேன். “அரிசிமணி கணக்கா இருக்கு, இது பாடுமாக்கும்” என்று மருதாயி ஒரு ரெசிஸ்டரை எடுத்து மோந்து பார்த்தாள். அதன் உடம்பைச் சுற்றி இருக்கிற வரியின் நிறத்தை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். என்னென்ன நிறத்தில் எத்தனை போட வேண்டும் என்று அட்டையில் ஒட்டியும் வைத்தேன்.

கண்காட்சியில் மானம் போன மறுநாள், விற்காமல் இருந்த பெட்டிகளையெல்லாம் கோபத்தோடு பிரித்துப் பார்த்தேன். பாதிப் பெட்டிகளில் பச்சை வரி ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது. பழுப்பு வரியைக் காணோம். மருதாயியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அண்ணே, நீங்க சொன்னபடிதான் மொதல்ல போட்டேன். பெறகு மனசு கேக்கல. வெளுத்ததும் கருத்ததுமா போட்டா வாங்குறவன் என்ன நெனைப்பான்? காயின்னா பச்சதான மேல? நம்ம கடைப் பேரு கெட்டுப்போகும்ல!” என்றாள். பழுப்பு வரிகளையெல்லாம் சொத்தைக் காய் என்று ஒதுக்கித் தனியாக ஒரு டப்பாவில் கொட்டி வைத்திருந்தாள். மூக்கம்மாள் ஒரு படி மேலே. பச்சை வரியிலும் பொடியாக இருந்ததைத் தள்ளிவிட்டுப் பருவெட்டாகப் பொறுக்கிப் போட்டிருந்தாள். திட்டவா முடியும்? நல்ல சரக்காகப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களை என்ன சொல்லித் திட்டுவது? அன்றைக்கு மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். உன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மாவு கரைக்கணும் என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பச்சை விவகாரத்தைச் சரிசெய்தோம். அதற்குப் பிறகும் சில பெட்டிகள் பாடவில்லை. பிரித்தால் வேறு கூத்து. ஆயிரம் ஓம் இருக்க வேண்டிய இடத்தில் பத்தாயிரம், பத்தாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரம். ரெண்டுக்கும் ஒரு வரிதான் வித்தியாசம். ஒன்றில் கடைசி வரி சிவப்பு, மற்றதில் ஆரஞ்சு. மருதாயி சொளகில் தப்பில்லை, மூக்கம்மாள் சொளகில் தப்பில்லை. மூன்றாவது சொளகு யாருடையது என்று உனக்குத் தெரியும்.

போடியில் உன் அக்கா மாதிரி காய் பொறுக்க ஆள் கிடையாது என்று ஏலக்காய்க் கடை முதலாளியே சொல்வார். பேச்சு ஒரு பக்கம் ஓடும், கை ஒரு பக்கம் ஓடும், குனிந்து பார்க்கக்கூட மாட்டாள். அது கைத்திறமை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஏலக்காயை விரலே சொல்லிவிடும் மாப்ளே. பருத்தது, சூம்பியது, வெடித்தது, ஓட்டை விழுந்தது எல்லாம் விரலுக்குத் தெரியும். நிறம் சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் மருதாயியிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள்வாளாம். மருதாயி இப்போதுதான் அதை யோசித்துப் பார்த்துச் சொல்கிறாள். ரெசிஸ்டர் அப்படி இல்லை. விரலுக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஒருநாள் மத்தியானம். மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்தது. வாசலில் வைத்து அவள் உள்ளங்கையில் ரெண்டு ரெசிஸ்டரை வைத்தேன். “எது சிவப்பு, எது ஆரஞ்சு, சொல்லு பாப்போம்” என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். மறுபடி உருட்டினாள். “வெளிச்சம் பத்தல” என்றாள்.

அந்த வெயிலில் எனக்குக் கண் கூசியது மாப்ளே.

அப்போதுதான் உன் குழந்தையின் படத்தை எடுத்துவந்து நானே பார்த்தேன். பிள்ளை போட்டிருப்பது நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு. அவள் உன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன் பார்.

மதுரைக்குக் கூட்டிப்போனேன். கண் டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு வாடிக்கொண்டே வருகிறதாம். முதலில் நிறம் போகுமாம், பிறகு மற்றதெல்லாம். போனது திரும்பாது, இருப்பதை இழுத்துப் பிடிக்க மருந்து தருகிறேன் என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தால் பதில் அவ்வளவுதான் என்று கடைசிப் பெஞ்சுக்காரனான எனக்கே புரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நான் கம்பளிப்புழுக் கதையை எதிர்சீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? போடி வந்து இறங்கும்போதுதான் சொன்னாள்: “தம்பிக்கு எழுதிப்புடாதீக. அவனே இப்பத்தான் காலை ஊன்றான். சோலிய விட்டுட்டு ஓடியாந்துருவான்.” சரி என்று தலையை ஆட்டினேன். தலையாட்டியது அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

இப்போது அவள் ரெசிஸ்டரைத் தொடுவதில்லை. ஆனால் வேலையை விட்டபாடில்லை. ரேடியோவுக்குள் இருக்கிற தண்டில் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்ற வேண்டுமே, அதைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். விரலால் எண்ணிச் சுற்றுகிறாள். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் முடி நுழையாது. நான் சுற்றியதையும் அவள் சுற்றியதையும் பக்கத்தில் வைத்தால் என்னுடையது குருவிக்கூடு. மருதாயி நாள் தவறாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறாள். வாய் ஓயாதவள், நடுவில் ஒரு மூச்சு நிறுத்தி உன் அக்கா முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். பிறகு இன்னும் சத்தமாகப் பேசுகிறாள்.

அடுத்தது மைக்ரோபிராசசர் பெட்டி போடலாம், உலகமே அந்தப் பக்கம் போகிறது என்று எழுதியிருந்தாய். போகட்டும். அஞ்சாறு வரி நிறமே எங்களை இந்தப் பாடு படுத்திவிட்டது. நீ வந்தால் பேசிக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தை அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முன்பெல்லாம் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, முதல் வரியைப் படித்ததும் பேனாவைப் பிடுங்கிவிடுவாள். இன்றைக்கு, “யாருக்கு இத்தன நீளமா?” என்று கேட்டாள். பெட்டி வேண்டும் என்று கேட்ட ஒரு வாத்தியாருக்கு என்றேன். “பொய்யில்லாம எழுதுங்க” என்றாள்.

குழந்தையைக் கட்டாயம் கொண்டா மாப்ளே. நல்ல அடர்த்தியான நிறமாக, மஞ்சளோ சிவப்போ, எதையாவது போட்டுக் கொண்டா. எந்த நிறம் அவளுக்கு எட்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு முகம் தெரியும்போதே வந்துவிடு. நான் எழுதித்தான் வந்தாய் என்று சொல்லாதே. லீவு கிடைத்தது என்று சொல். நம்ப மாட்டாள். ஆனாலும் சொல். வெரசா வா.

எல்லோரும் நன்றாக இருங்கள். மலைக்காற்று பிள்ளைக்கு ஆகாது, போர்வை கொண்டுவரவும்.

உன் மச்சான்,
காசிராஜன்

பி.கு. கடிதத்தை ஒட்டப் போனவன் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். உதிரிச் சாமான் எடுக்கலாம் என்று, கண்காட்சியில் பாடாத அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். இத்தனை நாள் கண்ணில் படவே கூடாது என்று அதைத் தூக்கிப் போட்டிருந்தேன். அது ஆரம்பத்தில் உன் அக்கா பொறுக்கிப் போட்டது. உள்ளே எல்லா ரெசிஸ்டரும் சரியாகத்தான் இருந்தது. பேட்டரி செல்லை நான்தான் தலைமாற்றிப் போட்டிருக்கிறேன். திருப்பிப் போட்டேன். பாடியது.