கள்ளநடை

மார்ச் 3

பெரியவள் அம்மாவுக்கு,

கால்தான் முறிந்திருக்கிறது, வாய் முறியவில்லை என்று இங்கே நர்ஸ் சொல்கிறாள். ஆகவே நான் நன்றாக இருக்கிறேன் என்று நீயே புரிந்துகொள். முழங்காலிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் இங்கேயே கிடக்க வேண்டுமாம். இருபது வருடமாகக் குதிரை பழக்குகிறவனை நேற்று வந்த ஒரு குதிரை தள்ளிவிட்டது என்றால் டாக்டருக்கே சிரிப்பு வருகிறது. அதற்குத்தான் என்ன திமிர்!

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ராங்கிக்குக் காலையில் புல்லுக்கு முன்னால் தண்ணீர் காட்டு. பிடரியைச் சீவும்போது இடது பக்கமாக நில், வலது பக்கம் நின்றால் அவளுக்குப் பிடிக்காது. மற்ற மூன்றும் எதைப் போட்டாலும் தின்னும். ராங்கி பெயருக்கேற்றவள், புல்லில் தூசி இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், உதறிப் போடு. சாயங்காலம் கொஞ்ச நேரம் யாராவது அவள் பக்கத்தில் நின்றால் நல்லது, இல்லாவிட்டால் ஏங்கிப்போவாள். லாடம் மாற்றும் நாள் வந்துவிட்டது, லாடக்காரன் வருவான். வேலை முடிந்ததும் வாசலோடு அனுப்பிவிடு. அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பிள்ளைகள் இரண்டும் படிக்கிறார்களா? நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 7

பெரியவள் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அதை லாயத்துக்கே அனுப்பியிருக்கலாம், ராங்கிக்குத்தானே எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அதுவும் ‘நீ’ இல்லை, ‘நீயும்’. பெரியவள் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேசினால் காற்றுதான் வருகிறது. ஆனாலும் பேச்சு குறையவில்லை, உங்கள் மகள்தானே.

லாடக்காரர் வந்தார். வாசலோடு அனுப்ப முடியவில்லை. சீட்டியடித்துக்கொண்டே நாலு குதிரைக்கும் லாடம் மாற்றினார். கிணற்று உருளை கிரீச்சிடுவதைக் கேட்டு அதற்கும் எண்ணெய் போட்டார். “மூணு மாசமா இப்படிக் கத்துதாமே, அண்ணன் காதுல விழலையா அண்ணி?” என்று கேட்டார். “உங்க அண்ணன் காது குதிரைக்கு மட்டும்தான் கேட்கும்” என்றேன். அவரும் பிள்ளைகளும் சிரித்த சிரிப்பில் கோழியெல்லாம் ஓடிவிட்டன.

ஒரு விஷயம். ராங்கி இடது முன்காலில் கள்ளநடை போடுகிறாள். நாம் பார்த்தால் மகாராணி மாதிரி நேராக நடக்கிறாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தால் அந்தக் காலைப் பட்டும் படாமல் வைத்து எடுக்கிறாள். குளம்பைத் தொட்டால் சுடுகிறது. உள்ளே சீழ் கட்டுகிறது போல, இன்னும் பழுக்கவில்லை, ஒரு வாரம் கழித்து வந்து திறந்துவிடுகிறேன் என்று லாடக்காரர் சொன்னார். பதினான்காம் தேதி வருகிறார்.

நானும் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 11

அம்மணிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் “பல்லு வலியா அண்ணே?” என்று கேட்டார். அவ்வளவு சத்தமாகப் பல்லைக் கடித்திருக்கிறேன்.

கள்ளநடையா! அடேயப்பா! இந்த வார்த்தை உனக்கு எப்படித் தெரியும்? எந்தப் புத்தகத்திலும் இல்லாத வார்த்தை இது. வாலிபத்தில் நானும் அந்த லாடக்காரனும் ஒரே லாயத்தில் வேலை பார்த்தபோது எங்களுக்குள் சொல்லிக்கொண்டது. உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். பதினாலு வருடத்தில் குதிரையைப் பற்றி உன்னிடம் நான் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? அப்படியானால் சொன்னது யார்? லாடம் அடிக்க வந்தவன் அடித்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்து உனக்குப் பாடம் நடத்தினானா? எத்தனை தடவை வந்தான்? எங்கே உட்கார்ந்தான்? என் நாற்காலியிலா?

உருளைக்கு எண்ணெய் போட அவன் யார்? நான் போடமாட்டேனா?

ஆமாம், வயிறு எரிகிறது. மூடி மறைக்க எனக்குத் தெரியாது. அவனுக்குச் சுருட்டை முடி, நல்ல கால் இரண்டு, கல்யாணமும் ஆகவில்லை. எனக்குக் கூரையில் ஒரு பல்லி, அதைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். பதினான்காம் தேதி அவன் வந்தால் கதவைத் திறக்காதே. ராங்கியின் கால் போனாலும் போகட்டும். அவன் நம் வீட்டுக்குள் வரக்கூடாது. என் பேச்சுக்கு மரியாதை இருந்தால் இதைச் செய்.

வீட்டுக்காரன் (இன்னும் நான்தானே?)


மார்ச் 18

பெரியவள் அப்பாவுக்கு,

உங்கள் பேச்சுக்கு மரியாதை கொடுத்துவிட்டேன். லாடக்காரரை வாசலிலேயே நிறுத்தினேன். “அண்ணி, மூணு நாளுக்கு மேல விட்டா சீழ் மேல ஏறிடும். அப்புறம் அந்தக் காலை மறந்துட வேண்டியதுதான்” என்றார். “உங்க அண்ணன் கதவைத் திறக்கக் கூடாதுன்னுட்டார்” என்றேன். என் முகத்தைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ராங்கியின் கால் போனாலும் போகட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அவள் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக எனக்காக அவளை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் என்னைச் சந்தேகப்பட்டு.

கள்ளநடையைச் சொன்னது யார் என்றுதானே கேட்டீர்கள்? நீங்கள்தான். அடுப்படிக்கும் லாயத்துக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகை. தினமும் சாயங்காலம் அந்தப் பக்கம் நின்று அவளிடம் பேசுவீர்களே. எந்தக் குதிரை கடித்தது, யார் உங்களை மதிக்கவில்லை, முதுகு எங்கே வலிக்கிறது, பெரியவளைத் தூரத்தில் கட்டிக்கொடுக்க மனசு வராது, எல்லாம். இந்தப் பக்கம் நான் பாத்திரம் சத்தம் போடாமல் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்புறம் உள்ளே வந்து “சாப்பாடு ஆச்சா?” என்பீர்கள். என் பங்கு அவ்வளவுதான்.

சின்னவள் வயிற்றில் இருந்தபோது ஒருநாள் ராங்கியின் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினீர்கள். “கள்ளநடை போடாதடி. என்கிட்டயே மறைப்பியா? வலிச்சா சொல்லித் தொலையேன்.” அன்றைக்கு எனக்கு இடுப்பு விட்டுப்போகிற வலி. நானும் நீங்கள் பார்க்கும்போது நேராகத்தான் நடந்தேன். உங்களுக்கு ஒரு வாரமாகத்தான் வயிறு எரிகிறது. ராங்கி நம் வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது.

நேற்று அவள் காலை ஊன்றவே இல்லை. குளம்புக் கத்தியை நானே எடுத்தேன். பெரியவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். காலை மடக்கி என் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டேன். “இதோ கறுப்பா ஒரு கோடு, இங்கதான், கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று நீங்கள் அவளிடம் சொல்லிச் சொல்லிச் செய்வீர்களே, அதே மாதிரி சொல்லிச் சொல்லிச் செய்தேன். சீழ் பீய்ச்சி அடித்து என் துணியெல்லாம் நாற்றம். உப்புப் போட்ட சுடுதண்ணீரில் காலை ஊறவைத்துக் கட்டினேன். இன்றைக்கு ஊன்றி நிற்கிறாள்.

கட்டி முடித்துவிட்டு அவள் கழுத்தில் சாய்ந்து அழுதேன். பிறகு பேச ஆரம்பித்தேன். பதினாலு வருடத்தையும் சொன்னேன், ஒன்று விடாமல். பாவம், நல்ல குதிரைதான். உங்களுக்கு அவளை ஏன் பிடித்தது என்று புரிந்துவிட்டது. ஆனால் உங்களிடம் சொல்ல இனி என்னிடம் ஒன்றும் மீதி இல்லை. தெரிய வேண்டுமானால் வந்து அவளையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவள் அம்மா


மார்ச் 22

அன்புள்ளவளுக்கு,

கறுப்புக் கோட்டைப் பார்த்து வெட்டினாய் பார், அதுதான் கை. நானே இருந்தாலும் வேறு மாதிரி செய்திருக்க மாட்டேன். லாடக்காரனுக்குத் தனியாக எழுதிவிட்டேன். மன்னிப்புக்கு இரண்டு சுழியா மூன்று சுழியா என்று பக்கத்துக் கட்டில்காரரைக் கேட்டு எழுதினேன். இதுவரை எழுத வேண்டி வந்ததில்லை.

உன் இடுப்பு வலி எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், கேட்கவில்லை. குதிரை தலையை ஆட்டினால்கூட எனக்குப் புரியும். நீ ஒன்றும் சொல்லவில்லை என்பதால் உனக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டேன்.

அவளிடம் என்ன சொன்னாய்? ஒரு வரியாவது எழுது.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 9

அன்புள்ளவளுக்கு,

இது நான்காவது கடிதம். தபால்காரர் வார்டுக்குள் வரும்போதெல்லாம் கழுத்தை நீட்டி நீட்டி எனக்குக் கழுத்தும் பிடித்துக்கொண்டது. பெரியவள் மட்டும் எழுதியிருந்தாள்: எல்லோரும் நலம், அம்மா தினமும் சாயங்காலம் லாயத்தில்தான் இருக்கிறாள் என்று.

ராங்கிமேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சிரிக்காதே. நீ என்னைத் திட்டினாயா, என்னால் எத்தனை நாள் அழுதாய், என்னை விட்டுப் போக நினைத்ததுண்டா, எல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்கு எதுவும் தெரியாது. மூன்று வாரத்துக்கே இங்கே சோறு இறங்கவில்லை. நீ ஒன்பது வருடம் எப்படித் தாங்கினாயோ.

கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஒரு ஊன்றுகோல் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். ராங்கியை வண்டியில் பூட்ட வேண்டாம், நீ மட்டும் நிறுத்தத்துக்கு வா. அங்கிருந்து வீட்டுக்கு உனக்கு இருபது நிமிடம், இந்தக் காலோடு எனக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் நீ சொல்லி முடிக்காவிட்டால் வழியில் எங்காவது உட்கார்ந்துகொள்ளலாம்.

நீ வராவிட்டால் தானே வந்து என்னைக் கூட்டிப்போவதாக லாடக்காரன் எழுதியிருக்கிறான். கொஞ்ச நாள் அவன் வீட்டிலேயே இருந்துகொள்வேன். நீ பேசாத வீட்டுக்குள் வர எனக்குத் தைரியம் இல்லை.

உன்னுடைய
நான்