அப்பாவின் இரண்டாவது மார்புப் படம்

உப்புவெளி
14.07.2025

அன்பு மகள் லதுஷாவுக்கு,

மாதாவின் அடைக்கலத்தில் நானும் அப்பாவும் இருக்கிறோம், நோர்வேக் குளிரில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாதென்று ஒவ்வொரு பூசையிலும் கேட்கிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், எனக்கும் கதைக்க ஏலாமல் போகும், அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு இப்போது சுகம், பயப்படாமல் கடைசிவரை வாசி.

பாஸ்காத் திருநாளுக்கு நீ வந்து நின்றபோதும் அப்பா இருமினார்தானே, துறைமுகத்தில் சீமெந்து இறக்கிற தூசி என்று நாங்கள் இருந்துவிட்டோம். வைகாசியில் பின்னேரக் காய்ச்சலும் வந்து ஆளும் மெலிய, டொக்டர் மார்புப் படம் எடுக்கச் சொன்னார். நான் அதற்கு முதல்நாள் ஒரு வேலை செய்தேன். அப்பா கழுத்தில் காசுரூபம் போடமாட்டார், அதனால் அவருக்குச் சொல்லாமல் பெனியனின் இடது தோள்பட்டியில் உள்ளுக்கு மாதா உருவம் பதித்த சின்ன உலோகக் காசுரூபம் ஒன்றை வைத்துத் தைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் சுஹைரா என்ற கிண்ணியாப் பிள்ளை. அப்பா குளிரில் நடுங்கியதால் பொத்தான் இல்லாத பெனியனை மட்டும் விட்டு, உடம்பில் வேறு ஏதும் இருக்கா என்று கேட்டிருக்கிறாள், இவரும் இல்லை என்று சத்தியமே பண்ணியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்து, அம்மா, படத்தில வட்டமா ஒண்டு தெரியுது, ஐயா ஒண்டுமில்லை எண்டு சண்டை பிடிக்கிறார், ஒருக்கா வாங்கோ என்றாள். நான் உள்ளே போய் உண்மையைச் சொன்னேன். இவ என்னை ஆஸ்பத்திரியிலயும் பொய்யனாக்கிப் போட்டா என்று அப்பா கத்த, அவள் சிரித்து, எங்கட உம்மாவும் ஓதின நூலை என்ர சட்டைக்குள்ள வைச்சுத் தைப்பா ஐயா என்றாள். மிச்சப் படம் தெளிவுதானே, விடு பிள்ளை என்று அப்பா எழும்பப் பார்த்தார். அதுக்குப் பின்னால என்ன இருக்கெண்டு தெரியேல்ல ஐயா, தெரியாத இடத்தோட உங்களை அனுப்ப என்னால ஏலாது என்று சொல்லி, தானே கத்தரிக்கோலால் நூலை வெட்டி, காசுரூபத்தைப் பஞ்சில் சுற்றி என் கையில் தந்து, மறுபடியும் எடுத்தாள்.

சரியாக அந்த இடத்தில்தான் புகைபோல ஒன்று இருந்தது. என்ன நோய் என்று டொக்டர்தான் சொல்ல வேணும் அம்மா, ஆனா இண்டைக்கே காட்டாமப் போகாதீங்கோ என்று சொல்லிப் படத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். சளியைச் சோதித்தார்கள், காசநோய். ஆறு மாதம் குளிசை தவறாமல் போட்டால் முழுக்க மாறுமாம். ஒரு மாதம் முடிந்தது, காய்ச்சல் நின்றுவிட்டது, இரண்டு கிலோ ஏறியிருக்கிறார், மீன் குழம்புக்கு உப்புக் குறைவென்று சண்டையும் பிடிக்கிறார். காப்பாற்றுங்கோ தாயே என்று கேட்டதும் நான்தான், பார்க்க வேண்டிய இடத்தை மூடி வைத்ததும் நான்தான். மாதா அந்தப் பிள்ளையின் கையால் திறந்து காட்டினா. செபமாலையில் உன் பெயரோடு அவள் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கூட இருந்தவர்களும் பார்க்க வேண்டுமென்று எனக்கும் படம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. மகளே, நீயும் மூன்று கிழமை அப்பாவோடு ஒரே அறையில் படுத்தாய், இந்தக் கிழமையே டொக்டரிடம் போய்ச் சொல்லிச் சோதித்துப் பார், வெட்கப்படாதே. எனக்குப் படம் எடுக்க எக்ஸ்ரே அறைக்குள் தனியாக விட்டுக் கதவைச் சாத்தினதும் நான் பயந்து கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அப்போது கண்ணாடிக்கு அங்காலிருந்து, மூச்சை இழுத்துப் பிடியுங்கோ அம்மா, நான் இங்கதான் நிக்கிறன் என்று சுஹைரா சொன்னாள். உனக்கு அவர்கள் வேறு பாஷையில் சொல்வார்கள். அங்கேயும் ஒருவர் நிற்பார், பயப்படாதே.

இயேசுவும் மாதாவும் உன்னை ஆசீர்வதிப்பார்களாக. போய் வந்த அன்றைக்கே போன் எடு.

உன் அன்பு அம்மா,
மாகிரட் அஞ்சலோ