பாவம்னுதான் சொன்னேன், அக்கா

என் உயிரான சாந்தி அக்காவுக்கு,

உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன் மகள் கவிதா காலேஜ் பரீட்சையில் பிட்டு வைத்திருந்து மாட்டிக்கொண்டாள். டி.சி. கொடுத்து அனுப்பப்போகிறோம், வீட்டிலிருந்து விளக்கக் கடிதம் கொண்டுவாருங்கள் என்று கள்ளக்குறிச்சிக்குக் கூப்பிட்டார்கள். “அழுதா நியாயம் மாறிடுமாடி? விஷயத்தைச் சொல்லு” என்று நீ என்னை எத்தனை முறை திட்டியிருப்பாய்! சரி, இந்தத் தடவையாவது புத்தியோடு நடந்துகொள்வோம் என்று ஃபோனில் இருக்கிற ஏஐயிடம் பேசினேன். தமிழில் சொன்னால் இங்கிலீஷில் கடிதம் எழுதித் தருமாம்.

“அவ பண்ணது...” என்று ஆரம்பித்தேன். உன் முகம் வந்து நின்றது, அழுதுவிட்டேன். “பாவம்ங்க” என்று மட்டும்தான் முடிக்க முடிந்தது. கடிதம் நீளமாக, அழகாக வந்தது. போகிற வழியில் தியாகதுருகத்தில் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு எங்கே இங்கிலீஷ் தெரியும்?

பிரின்சிபால் அம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னாம்மா இது? பொண்ணு பண்ணது பெரும் பாவம், எந்தத் தண்டனை குடுத்தாலும் சம்மதம்னு நீங்களே எழுதிக்கினு வந்திருக்கீங்க?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கடிதத்தில் என் அழுகை எங்கே போனது அக்கா? தண்டனை கொடுக்கிற அந்தக் காலத்து ராஜாவாக இருந்தாலும் அழுகிறவள் முகத்தை ஒரு தடவையாவது பார்த்திருப்பானே!

“அந்தப் பாவம் இல்லீங்க. ஐயோ பாவம்னு சொல்றோமே, அந்தப் பாவம்ங்க” என்று உளறினேன்.

“அப்ப அவ பண்ணது தப்பு இல்லையா?”

“தப்புதாங்க. தாயில்லாத புள்ள, அவளும் பாவந்தாங்க.”

கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். டி.சி. வேண்டாம், அந்தப் பரீட்சையை மட்டும் மறுபடி எழுதட்டும் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

வெளியே வந்ததும் கவிதா கேட்டாள்: “சித்தி, அது தப்பா எழுதிடுச்சா? இல்ல, நீயே அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தியா?”

இல்லைடி என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். விஷயம் கேள்விப்பட்ட அன்றைக்கு, அம்மா பேரைக் கெடுத்துவிட்டாளே பாவி என்று அவளை மனசுக்குள் சபித்தவள் நான்தானே? மிஷினுக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரியுமே அக்கா. அவள் என் பதிலுக்குக் காத்திராமல் ஹாஸ்டலுக்குள் போய்விட்டாள்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் போகிறேன். சபித்தேன் என்பதையும் மறைக்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். அதற்கப்புறம் அவள் என்ன தீர்ப்புச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். இது உன்மேல் சத்தியம்.

உன் தங்கச்சி,
கவிதாவின் சித்தி,
மல்லிகா