என் பெயரில் புதைக்கப்பட்ட என் தங்கை

அனுப்புநர்
பொ. நதியா, வயது 20,
த/பெ. காலஞ்சென்ற பொன்னுச்சாமி,
எட்டாம் எண் லைன் வீடு,
நொய்யல் தென்கரை,
திருப்பூர்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

பொருள்: 06.11.2008 அன்று குண்டடம் அருகே தோட்டக் கிணற்றில் இறந்தவர் என் தங்கை ஆஷா என்பதையும், நான் உயிருடன் இருப்பதையும் பதிந்து, இறப்புச் சான்றிதழைத் திருத்தித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவைக் கொடுப்பவள், அரசாங்கப் பதிவேட்டின்படி ஓராண்டுக்கு முன்பே இறந்துபோனவள். மனு எழுதித் தருபவரிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆகவே நானே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. எங்களுக்குச் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். கிறிஸ்தவர்கள். தகப்பனார் தவறிய பிறகு 2005-இல் என் தாயார் சின்னத்தாய், நான், தங்கை ஆஷா மூவரும் பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தோம். தாயார் பனியனில் பிசிறு வெட்டும் வேலைக்கும், நான் ஒரு சிறிய கம்பெனிக்குத் தையலுக்கும் போனோம். ஆஷா பள்ளிக்கூடம் போனாள். பஞ்சுத் தூசியால் தாயாருக்கு மூச்சிரைப்பு வந்து படுத்ததும், 2008 ஜூன் மாதம் அவள் படிப்பு நின்றது. அப்போது அவளுக்கு வயது பதின்மூன்று.

3. அவளை வேலைக்குச் சேர்க்கப் போன இடம் பெரிய ஏற்றுமதி கம்பெனி. அங்கே வயதுச் சான்று கேட்டார்கள். வெளிநாட்டுத் திருச்சபைகளைச் சேர்ந்த சிலர், தாங்கள் உடுத்தும் பனியனைச் சிறுபிள்ளைகள் தைத்திருக்கக் கூடாது என்று பல வருடம் பாடுபட்டதால் வந்த ஏற்பாடு அது. எங்கள் பெட்டியில் இருந்தது ஒரே ஒரு சான்று. அது என்னுடைய பள்ளி மாற்றுச் சான்றிதழ். என் கம்பெனியில் யாரும் அதைக் கேட்கவில்லை என்பதால் சும்மாதான் கிடந்தது. அதை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். அக்காள் பாவாடையைத் தங்கை உடுத்துவது போலத்தான் எங்கள் லைன் வீடுகளில் அக்காள் சான்றிதழும். அன்று அது எனக்குக் குற்றமாகத் தெரியவில்லை.

4. அன்று முதல் கம்பெனியில் அவள் பெயர் நதியா, வயது பத்தொன்பது. அடையாள அட்டையில் அவள் முகம், என் பெயர். வேலை முடிந்து வந்ததும் அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டி, "இந்தாக்கா, ஒம் பேர நீயே வச்சுக்கோ, காலைல வாங்கிக்கிடுதேன்" என்பாள். நாங்கள் மூவரும் சிரிப்போம். சிரித்தோம் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

5. சான்றிதழில் வயது இருந்தது, உடம்பில் இல்லை. ஆகவே வெளிநாட்டார் பார்வைக்கு வரும் நாட்களில் சூப்பர்வைசர் கிட்டுசாமி அவர்கள், ஆள் சிறிதாகத் தெரியும் பெண்பிள்ளைகளை எல்லாம் வேனில் ஏற்றி, குண்டடம் அருகே உள்ள முதலாளியின் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார். பிள்ளைகள் அங்கே மர நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஆஷாவுக்கு அது பண்டிகை. முதல் தடவை போய் வந்து, கொய்யா மரம் ஏறியதையும் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடியதையும் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். "வெள்ளக்காரங்க அடுத்து எப்பக்கா வருவாக?" என்று கேட்பாள்.

6. அவர்கள் 06.11.2008 அன்று வந்தார்கள். மழை பெய்து தோட்டத்துக் கிணறு படிக்கட்டு வரை நிரம்பியிருந்தது. கால் கழுவ இறங்கிய ஆஷா, பாசியில் வழுக்கி உள்ளே போய்விட்டாள். உடன் போனவர்களும் எங்களைப் போல வறண்ட ஊர்க்காரர்கள், ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. அதே நேரத்தில் கம்பெனியைச் சுற்றிப் பார்த்த திருச்சபைக்காரர்கள், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் எவரும் இங்கே இல்லை என்று எழுதி மனநிறைவோடு கையெழுத்திட்டார்கள். அவர்கள் எழுதியது பொய்யில்லை ஐயா. அந்த நேரத்தில் அங்கே எவரும் இல்லைதான்.

7. பிணவறை வாசலில் அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதினார்கள். நான் வாய் திறக்கப் போனபோது கிட்டுசாமி அவர்கள் என்னை ஓரமாக அழைத்துச் சொன்னது: "பாருங்க கண்ணு, போனது போயிருச்சுங்க. சர்டிபிகேட்ட மாத்துன விசயம் வெளிய வந்துச்சுன்னா உங்களையும் அம்மாவையும் உள்ள வெச்சுப்போடுவாங்க. மத்த புள்ளைங்க பொழப்பும் போயிரும். பேசாம இருந்துக்கங்க." அவர் அதட்டவில்லை, மிக மரியாதையாகத்தான் சொன்னார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். அடக்கம் செய்த போதகருக்கு எங்கள் முகம் மட்டுமே தெரியும், அந்தச் சபைக்கு நாங்கள் புதியவர்கள். லைன் வீட்டுக்காரர்களுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவரவர் வீட்டிலும் ஒரு சான்றிதழ் இருந்தது.

8. கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றதால், என் தாயார் சவப்பெட்டியின் மேல் விழுந்து, "என்னப் பெத்த தாயே நதியா, என்னய விட்டுப் போயிட்டியே" என்று அழுதார். நான் பக்கத்தில் நின்று அதைக் கேட்டேன். ஆஷா என்ற பெயரைச் சொல்லி அவர் இன்று வரை வாய்விட்டு அழவில்லை. வீட்டில் அழலாம் என்றால், லைன் வீட்டுச் சுவர் ஐயா அவர்களுக்குத் தெரியும், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும்.

9. அந்தத் திருச்சபைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்லது செய்யத்தான் கடல் கடந்து வந்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தால் பிடித்தவரை என்ன சொல்வது? அவர்களுக்காக இங்கே பணி செய்யும் குழந்தையம்மாள் அக்கா, எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து எங்களோடு அழுதார். அவர்கள் பத்திரிகையில் தங்கையின் படம் வந்தது. ஏழைத் தொழிலாளி நதியாவுக்காகப் பல நாட்டு ஆலயங்களில் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபித்தார்களாம். கல்லறையில் கல்லும் வைத்தார்கள். அதிலும் என் பெயர். கல்லறைத் திருநாளுக்கு நான் பூ வைத்து வணங்கியது என் பெயரைத்தான்.

10. இப்படியே காலம் போயிருக்கும். சென்ற மாதம், பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் ஆசிரியைகள் இருவர் பட்டியலோடு வந்தார்கள். ஆஷா, வயது பதினான்கு, எங்கே என்று கேட்டார்கள். என் தாயார், "ஊருக்குப் போயிருக்கா டீச்சர், வந்துருவா" என்றார். அவர்கள் அதைக் குறித்துக்கொண்டு, வந்ததும் அனுப்பிவையுங்கள், புத்தகம் சீருடை எல்லாம் தருகிறோம் என்று சொல்லிப் போனார்கள். அன்று முதல் தாயார் சோறு இறங்காமல் இருக்கிறார். எனக்கும் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

11. குழந்தையம்மாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "கல்லையும் மாத்திப்போடலாங்கண்ணு, எங்க அறிக்கையையும் மாத்தோணும். ஆனா அவ பேர்ல இறப்பு சர்டிபிகேட் இல்லாம ஒண்ணும் செய்ய முடியாதுங்களே" என்றார். அவர் சொன்ன வழியில்தான் தங்களிடம் வந்திருக்கிறேன்.

12. அந்த வேன் இன்னும் ஓடுகிறது. பார்வையிட வருபவர்கள் கம்பெனியைப் பார்த்தது போதும், அன்று காலை புறப்படும் வேனின் பின்னால் ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள்.

13. என் கோரிக்கை ஒன்றே. இறந்தவர் பெயர் ஆஷா, வயது பதின்மூன்று என்று சான்றிதழைத் திருத்தித் தர வேண்டும். அவள் உழைத்தது முழுக்க என் பெயரில். சாவாவது அவள் பெயரில் இருக்கட்டும்.

14. பொய்ச் சான்று கொடுத்ததற்கு என் மேல் வழக்குப் பதியலாம். மறுக்க மாட்டேன். தாயாருக்கு இதில் பங்கில்லை, கொடுத்தவள் நான்தான். ஆனால் பதிவேட்டில் இறந்தவள் மேல் வழக்கு நிற்காது என்கிறார்கள். என்னைத் தண்டிப்பதற்காகவாவது, ஆஷா இறந்துவிட்டாள் என்று முதலில் ஒரு காகிதம் எழுதிக் கொடுங்கள் ஐயா. அதை என் தாயார் கையில் கொடுக்கிறேன். அவர் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு தடவை அழுது முடித்ததும், தாங்கள் சொல்லும் இடத்துக்கு நானே வருகிறேன்.

இணைப்பு:
நதியா என்ற பெயரில் உள்ள இறப்புச் சான்றிதழ் நகல்,
ஆஷாவின் ஞானஸ்நானச் சான்று,
ஆஷா ஏழாம் வகுப்பில் எடுத்த பள்ளிப் புகைப்படம் (பார்த்துவிட்டுத் திருப்பித் தரவும், வேறு படம் இல்லை).

இடம்: திருப்பூர்
நாள்: 14.12.2009

உயிருடன் உள்ள,
பொ. நதியா