மாட்டு மணி கட்டிய கார்

அக்கா,

இன்று காலை தூசி தட்டும்போது அலமாரி மேலிருந்த மாட்டு மணி கீழே விழுந்து உருண்டது. சத்தம் கேட்டதும் உங்கள் கார்தான் வந்துவிட்டதென்று கையில் துணியோடு வாசல்வரை போய்விட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது என்பது வாசலில் நின்ற பிறகுதான் உறைத்தது.

தேயிலைத் தோட்டத்து மருத்துவச்சி கார் வாங்கப் போகிறாள் என்றதும் ஹட்டன் பக்கமெல்லாம் அதே பேச்சு. "சங்கிலிய வித்து கார் வாங்குற பொம்பளைய நான் பாத்ததே இல்லக்கா" என்று நானும் சொன்னேன். தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லையா, இலாப நட்டம் பார்க்காமல் இருப்பேனா? பெற்றோல் ஊற்ற ஹட்டனுக்குப் போகவேண்டும், மலை ரோட்டில் டயர் தேயும், மழையில் நிறுத்த ஒரு கொட்டகைகூட இல்லை என்று அடுக்கினேன். நீங்களோ லொறிக்குக் காத்து நின்று, கடைசியில் நடந்தே தோட்டத்தின் மலை உச்சிப் பகுதியான மேல் டிவிஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள் கைநழுவிப் போன பிள்ளைகளைப் பற்றிச் சொன்னீர்கள். "சங்கிலி கழுத்துல சும்மாதானே தொங்குது புள்ள. கார்னா பிரசவத்துக்கு ஓடும்."

ஓட்டியதும் நீங்களேதான். ஏற்றத்தில் அது நின்றுவிட்டால் தள்ளுவது என் பங்கு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் தள்ள, நீங்கள் உள்ளே உட்கார்ந்து சிரிப்பீர்கள்.

ஆனால் நாம் இருவருமே கணக்கில் சேர்க்காத நட்டம் ஒன்று இருந்தது. தோட்டத்தில் கார் என்றால் தோட்டத்தை நடத்தும் துரையின் கார். சத்தம் கேட்டாலே ஆண்கள் தலைத்துண்டை அவிழ்ப்பார்கள். பெண்கள் ரோட்டை விட்டு, ஓர வாய்க்காலான கானுக்குள், ஓடுகிற தண்ணீரில், கொழுந்துக் கூடையோடு இறங்கி நிற்பார்கள். சுதந்திரம் வந்துவிட்டதென்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ரோட்டுக்கு அது வந்து சேரவில்லை. உங்கள் காருக்கும் அப்படியே இறங்கினார்கள். உங்களுக்கு அது பொறுக்கவில்லை.

அந்த ஐப்பசி மழையில் மேல் டிவிஷனுக்கு உங்களோடு நானும் வந்திருந்தேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. தலைப்பிரசவக்காரிக்குத் துணையாக வேலைக்குப் போகாமல் நின்ற பெண்கள், கார் சத்தத்தைக் கேட்டு, துரை சோதிக்க வந்துவிட்டார் என்று கதவை அடைத்து, சத்தம் வெளியே வராமல் அவள் வாயைத் துணியால் பொத்தியிருந்தார்கள். "அடியே, நான்டி! மருத்துவச்சி! தொறங்கடி!" என்று கதவு கதவாகத் தட்டினீர்கள். திறந்தபோது அந்தப் பெண் துவண்டு கிடந்தாள். தாயையும் பிள்ளையையும் நீங்கள் மீட்டெடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அந்தக் கைகளைக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

திரும்பும் வழியில் காரை நிறுத்திவிட்டு அழுதீர்கள். "நடந்து போயிருந்தா அப்பவே தொறந்திருப்பாளுங்க. இத வித்துடுறேன் புள்ள." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

நீங்கள் விற்கவில்லை. மாட்டுப்பட்டிக்குப் போய் இந்த மணியை வாங்கிவந்து காரின் முன்னால் கட்டினீர்கள். "தொர கார்ல எவன் மாட்டு மணி கட்டுவான்? கேட்டதுமே நம்ம வண்டின்னு தெரியும்ல." மாட்டு வண்டி என்று துரை கேலி செய்தபோது, "ஆமாங்க தொர, மாட்டு வண்டிதாங்க. டிக்கோயா ஆஸ்பத்திரி வரைக்கும் போகுதுங்க" என்று அவர் முகத்துக்கு நேரே சிரித்தீர்கள்.

லயத்துக் கதவுகள் சீக்கிரமே திறந்தன. கானில் இறங்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. காரை நிறுத்தி, கையைப் பிடித்து மேலே ஏற்றிவிடுவீர்கள்; மறுநாளும் இறங்குவார்கள். பிறகு ஒருநாள் மணிச்சத்தம் கேட்டும் ஒருத்தி ரோட்டு நடுவிலேயே நின்றாள். கையை நீட்டிக் காரை மறித்தாள். "தாயி, மேலதானே போற? என்னையும் ஏத்திக்க." நனைந்த கூடையோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீட்டெல்லாம் ஈரம். "பாத்தியா புள்ள, எறங்கலடி" என்று என் தொடையில் ஓங்கித் தட்டினீர்கள். அத்தனை சந்தோஷத்தை உங்கள் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நானும் லயத்தில் பிறந்தவள்தான் அக்கா. இன்றைக்கும் பின்னால் கார் சத்தம் கேட்டால் கால் தானாகக் கானைத் தேடுகிறது. அப்போது தொடையில் அந்த அடி விழுகிறது. ஓரமாக ஒதுங்கி வழிவிடுகிறேன். இறங்குவதில்லை.